விடை வந்தால் போதுமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்

கணிப்பொறி தவறு செய்யாது என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. காகிதத்தில் கூட்டிக் கழித்துக் கண்ட விடையென்றால் இன்னொரு முறை சரிபார்க்கிறோம். அதே விடை கணிப்பொறித் திரையில் ஆறு தசம இடங்களோடு வந்து நின்றால் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறோம். இது சரிதானா என்ற வினாவை என் சக மாணவர்கள் முன்பும் பேராசிரியப் பெருமக்கள் முன்பும் வைக்க விரும்புகிறேன்.

செய்முறை வகுப்பு நாளில் நம் ஆய்வகத்தில் அதிகமாகக் காதில் விழும் சொல் எது? "அவுட்புட் வந்துவிட்டதா?" என்பதுதான். வந்துவிட்டது என்றால் ரெக்கார்டு நோட்டில் எழுதலாம், கையெழுத்து வாங்கலாம், அடுத்த பயிற்சிக்குப் போகலாம். அந்த விடை எந்த வழியாக வந்தது, வழியில் எண்கள் என்ன பாடுபட்டன என்று கேட்பாரில்லை. கேட்டாலும் அதற்கு மதிப்பெண் இல்லை. எழுத்துத் தேர்வில் விடை தவறானாலும் படிகளுக்கு மதிப்பெண் தரும் கணிதத் துறை நம்முடையது. அதே நாம் கணிப்பொறி மேசைக்கு வந்தவுடன் படிகளைக் கைவிட்டு விடையை மட்டும் பிடித்துக்கொள்வது விந்தையல்லவா?

சத்தமிடும் பிழையும் சாதுவான பிழையும்

நிரலில் நேரும் பிழைகள் இரு வகைப்படும். முதல் வகை சத்தமிடும் பிழை. அடைப்புக்குறியை மூட மறந்தால், பெயரை மாற்றி எழுதினால், கணிப்பொறி உடனே நின்று இத்தனையாவது வரியில் கோளாறு என்று கூவிவிடும். இதனால் நேரம் போகுமே தவிர வேறு கேடில்லை. இரண்டாம் வகை சாதுவான பிழை. நிரல் தடங்கலின்றி ஓடும், விடையும் வரும், ஆனால் விடை தவறாக இருக்கும். நம்மைக் கவிழ்ப்பது இதுதான்.

எண்கணக்குகளில் இந்தச் சாதுவான பிழைகள் பெரும்பாலும் ஒளிந்திருக்கும் இடம் அணி. ஒரே பெயரின் கீழ் வரிசையாகவோ, வரிசையும் நிரலுமாகவோ அடுக்கி வைத்த எண்களையே அணி (அர்ரே) என்கிறோம். பைத்தான் மொழியின் நம்பை தொகுப்பு, ஆக்டேவ், சைலேப், மேட்லேப் ஆகிய அனைத்தும் அணிகளைக் கொண்டே வேலை செய்பவை. ஆயிரம் எண்களை ஒரே கட்டளையில் பெருக்கலாம், கூட்டலாம் என்பது இவற்றின் பெருமை. அந்த ஆயிரத்தில் ஒன்றைக்கூட நாம் கண்ணால் பார்ப்பதில்லை என்பது அந்தப் பெருமைக்கு நாம் கொடுக்கும் விலை.

ஓர் எடுத்துக்காட்டு. பன்னிரண்டு மாதங்களின் மழையளவு ஓர் அணியில் இருக்கிறது. நம் கடற்கரைக்கு உயிர்நாடியான வடகிழக்குப் பருவமழையின் மொத்தம் வேண்டும். அதாவது அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களின் கூட்டுத்தொகை. ஆக்டேவில் அணியின் முதல் உறுப்புக்கு எண் 1. எனவே 10 முதல் 12 வரை என்று எழுதினால் மூன்று மாதங்களும் கிடைக்கும். பைத்தானில் முதல் உறுப்புக்கு எண் 0. மேலும் அங்கே 12 வரை என்றால் 12 சேராது, 11-உடன் நின்றுவிடும். ஆக்டேவில் எழுதிய 10:12 என்பதை அப்படியே பைத்தானுக்குக் கொண்டுபோனால் நவம்பரும் டிசம்பரும் மட்டுமே கிடைக்கும். அக்டோபர் மழை முழுவதும் காணாமற்போகும். கணிப்பொறி ஒரு சொல்லும் சொல்லாது. வந்த மொத்தமும் நம்பக்கூடிய எண்ணாகவே இருக்கும். எடுத்த துண்டில் எத்தனை உறுப்புகள் உள்ளன என்று ஒரே ஒரு முறை கேட்டிருந்தால், 3 வர வேண்டிய இடத்தில் 2 என்று வந்து குட்டு வெளிப்பட்டிருக்கும்.

இன்னொன்று. ஒரு நிரல் மூன்று நாள் மழையை முன்கூட்டிக் கணிக்கிறது என்று கொள்வோம். உண்மையில் பெய்த அளவு 1, 2, 3. கணித்த அளவும் 1, 2, 3. கணிப்பில் பிழையே இல்லை. ஆகவே பிழையின் வர்க்கச் சராசரி 0 என்று வர வேண்டும். ஆனால் ஓர் அணி தட்டையான வரிசையாகவும் மற்றொன்று மூன்று வரிசை ஒரு நிரலாகவும் இருந்துவிட்டால், நம்பை தொகுப்பு ஒவ்வொன்றிலிருந்தும் ஒவ்வொன்றையும் கழித்து 3×3 அணியை உண்டாக்கிவிடும். ஒன்பது வர்க்கங்களின் கூட்டுத்தொகை 12, சராசரி 1.33. காகிதத்தில் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. குற்றமற்ற கணிப்புக்கு இல்லாத பிழையைச் சுமத்திவிட்டு நிரல் அமைதியாக முடிந்துபோகும். ஓராண்டின் 365 நாட்களுக்கு இதுவே நடந்தால் 1,33,225 எண்கள் உருவாகும். அவற்றை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஒரு பானைச் சோறு

பார்க்காமலா இருக்கிறோம், அணியைத் திரையில் அச்சிட்டுப் பார்க்கிறோமே என்று நண்பர்கள் சிலர் கூறலாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் வாக்கு. ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே தீ என்பதால் சோற்றுக்கு அது பொருந்தும். அணிக்கு அந்த உத்தரவாதம் இல்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட உறுப்புகள் கொண்ட வரிசையை அச்சிடச் சொன்னால், நம்பை தொகுப்பு வழக்கமாக முதல் மூன்றையும் கடைசி மூன்றையும் மட்டும் காட்டி, நடுவே மூன்று புள்ளிகளை வைத்துவிடும். கோளாறு அந்தப் புள்ளிகளுக்குள் இருந்தால்?

நடுவில் ஓரிடத்தில் அளவு பதிவாகாமல் "எண் அல்ல" என்று பொருள்படும் நேன் என்னும் குறி இருக்கலாம். ஒன்றே ஒன்று இருந்தாலும் மொத்தம், சராசரி எல்லாம் நேன் ஆகிவிடும். இதிலாவது ஏதோ நேர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அளவு இல்லாத இடத்தில் யாரோ 0 என்றோ −999 என்றோ நிரப்பியிருந்தால் அதுவும் தெரியாது. எண்ணின் வகையும் அப்படித்தான். நம்பை தொகுப்பில் முழு எண்களுக்கென அமைந்த அணியில் 2.7 என்று இட்டால் 2 மட்டுமே நிற்கும்; .7 சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். ஒளிப்படங்களுக்குப் பயன்படும் எட்டு பிட் அணிகளில் 255-க்கு மேல் இடமில்லை. நம்பை தொகுப்பில் இரண்டு படங்களைக் கூட்டும்போது 250-உடன் 10 சேர்ந்தால் 4 என்று வரும்.

ஆகவே அணியைப் பார்ப்பது என்பது திரையில் எண்களை ஓடவிட்டு வேடிக்கை பார்ப்பதாகாது. ஒவ்வொரு படியிலும் அதனிடம் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். உன் வடிவம் என்ன, எத்தனை வரிசை, எத்தனை நிரல்? உன் எண்கள் எந்த வகை? மிகச் சிறியது எது? மிகப் பெரியது எது? வெற்றிடம் எத்தனை? இவற்றுக்கு நாம் எதிர்பார்த்த விடை ஒன்று, அணி தரும் விடை வேறொன்று என்றால் அங்கேயே நிற்க வேண்டும்.

அப்படி நிற்பதற்கு வசதியும் உண்டு. பைத்தானில் 2018-இல் வந்த 3.7 பதிப்பு முதல், பிரேக்பாயின்ட் என்ற ஒரு கட்டளையை வேண்டிய வரியில் எழுதினாலே நிரல் அங்கே நிற்கும். அந்த நொடியில் ஒவ்வோர் அணியும் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டறியலாம். ஸ்பைடர் என்னும் இலவச மென்பொருளில் மாறிகளுக்கென்றே ஒரு தனிப் பலகை இருக்கிறது. அதில் அணியின் பெயர், வகை, வடிவம் எல்லாம் வரிசையாகத் தெரியும். பெயரைத் தொட்டால் எண்கள் கட்டம் கட்டமாக விரியும். அளவுக்கேற்ப நிறமும் மாறும். நூறு எண்களுக்கு நடுவே ஒன்று மட்டும் பொருந்தாமல் இருந்தால் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். இவ்வளவு வசதி இருந்தும் நம்மில் எத்தனை பேர் அந்தப் பலகையைத் திறக்கிறோம்?

உப்பளம் கற்பிக்கும் பாடம்

நான் மரக்காணம் பகுதியைச் சேர்ந்தவன். என் தாயார் உப்பளத்தில் கூலி வேலை செய்பவர். கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். எங்கள் பக்கம் டிகிரி என்றால் பட்டம் மட்டும் நினைவுக்கு வராது, பாத்தி நீரும் நினைவுக்கு வரும். உப்பு நீரின் அடர்த்தியை அளக்கும் கருவி பாமே மானி. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டு மருந்தியலார் அந்துவான் பாமே அமைத்தது. கடல் நீர் அதில் ஏறத்தாழ 3 டிகிரி காட்டும். பாத்தி பாத்தியாக வெயிலில் வற்ற வற்ற அளவு ஏறும். வழியில் ஜிப்சம் படியும். ஏறத்தாழ 25 டிகிரியில் சோற்றுப்பு படிகமாகத் தொடங்கும். 29, 30 டிகிரியைத் தொடுவதற்குள் மிஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து உப்பு கசந்துபோகும்.

உப்பு விளைந்த பிறகு வாயில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று உப்பளத்தில் யாரும் காத்திருப்பதில்லை. அப்போது பார்த்துப் பயனில்லை, பல வார உழைப்பு வீணாகியிருக்கும். ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு நீரை மாற்றும்போதே அளவு பார்க்க வேண்டும். கணிப்பொறி அணியும் கட்டம் கட்டமாகப் பிரிந்த ஒரு பாத்தி நிலந்தான். ஒரு கட்டளையிலிருந்து அடுத்த கட்டளைக்கு எண்களை மாற்றிவிடும் நாமும் வரப்பின்மேல் நின்று அளவு பார்க்க வேண்டியவர்கள்தாம். எழுதப் படிக்க வாய்ப்புக் கிட்டாதவர்கள் தம் தொழிலில் காட்டும் இந்த விழிப்பை, பட்டப் படிப்புப் படிக்கும் நாம் நம் தொழிலில் காட்டாதிருப்பது தகுமா?

ஒரு மாணவர் திறந்து பார்த்தார்

இது ஏதோ ஆய்வகத்துச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2010-ஆம் ஆண்டில் கார்மன் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்னும் புகழ்பெற்ற அமெரிக்கப் பொருளியலாளர் இருவர் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். ஒரு நாட்டின் அரசுக் கடன் அதன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடும், சராசரி வளர்ச்சி −0.1 சதவீதம் என்பது அதன் முடிபு. அரசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதாடிய பல நாட்டுத் தலைவர்களுக்கு அது கைவாளாயிற்று. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். எத்தனை முறை போட்டும் அந்த விடை வரவில்லை. ஆசிரியர்களிடமே கேட்டு அவர்களது கணக்குத்தாளைப் பெற்றுத் திறந்து கட்டம் கட்டமாகப் பார்த்தார். சராசரி எடுக்கும் சூத்திரம் 49-ஆம் வரிசை வரை போகாமல் 44-ஆம் வரிசையோடு நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கணக்கில் சேரவே இல்லை. இதனோடு, சில ஆண்டுகளின் புள்ளிகள் விடுபட்டிருந்ததையும் சராசரி எடுத்த முறையில் இருந்த குறையையும் சேர்த்துத் திருத்தியபோது −0.1 என்பது 2.2 ஆயிற்று. 2013-இல் ஹெர்ண்டனும் அவருடைய பேராசிரியர் இருவரும் இதை வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பெரிய அறிஞர்களின் கணக்கை ஒரு மாணவர் திருத்த முடிந்ததற்குக் காரணம் என்ன? விடையோடு நின்றுவிடாமல் கட்டங்களைத் திறந்து பார்த்தார், அவ்வளவுதான்.

எது மெய், எது பொய்?

பார்க்கும் வேலையையும் கணிப்பொறியிடமே ஒப்படைத்துவிடலாமே, வழக்கத்துக்கு மாறான எண் வந்தால் தள்ளிவிடு என்று ஒரு கட்டளை எழுதினால் போதாதா என்று கேட்கலாம். இதற்கு நம் நாட்டிலேயே விடை இருக்கிறது.

2024 மே 29 அன்று தில்லியின் முங்கேஷ்பூரில் உள்ள தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் என்று காட்டியது. நாடே அதிர்ந்தது. அன்று தில்லியின் பிற நிலையங்கள் அவ்வளவு காட்டவில்லை. இந்திய வானிலைத் துறை அந்தக் கருவியைச் சோதித்து, அது 3 டிகிரி கூடுதலாகக் காட்டியதைக் கண்டறிந்தது. அங்கே வழக்கத்துக்கு மாறான எண் பொய்.

அதே ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. நம் விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. வழக்கத்துக்கு மாறானதைத் தள்ளிவிடு என்ற கட்டளை இந்த எண்ணையும் கூசாமல் தள்ளியிருக்கும். ஆனால் வெள்ளத்தில் நின்ற எங்கள் ஊராருக்குத் தெரியும், இங்கே அந்த எண் மெய்.

இதே கதை உலக அளவிலும் நடந்திருக்கிறது. அண்டார்டிகாவின் மேலே ஓசோன் வெகுவாகக் குறைந்துவிட்டதை பிரிட்டிஷ் ஆய்வாளர் மூவர் தரையிலிருந்து அளந்து 1985-இல் அறிவித்தனர். 1978-இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 செயற்கைக்கோளும் அதே குறைவைப் பதிவு செய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் 180 டாப்சன் அலகுக்குக் கீழான அளவுகளை ஐயத்துக்குரியவை எனக் குறியிட்டு ஒதுக்குமாறு அதன் நிரல் எழுதப்பட்டிருந்ததால், உண்மை உரிய நேரத்தில் வெளிவரவில்லை. எண்ணை ஒதுக்க நிரலுக்குத் தெரியும். ஒதுக்கியது மெய்யா பொய்யா என்று அறிய, அந்த இடத்தையும் காலத்தையும் அறிந்த மனிதர் ஒருவர் அணியைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

இங்கேதான் நம் போன்றோரின் பங்கு வருகிறது. மயிலத்து மழையின் அளவைக் கண்டால் மெய்யென்று சொல்லக்கூடியவர்கள் இந்த மண்ணின் பிள்ளைகள். ஃபெஞ்சல் புயலுக்குப் பின் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு தலா 2,000 ரூபாய் அறிவித்தது. எத்தகைய நிவாரணமானாலும் அது இன்று பட்டியலாகி, அணியாகி, கணிப்பொறி வழியாகத்தான் வீட்டு வாசலை அடைகிறது. அத்தகைய பட்டியல் ஒன்றில் சூத்திரம் ஐந்து வரிசைக்கு முன்னால் நின்றுவிட்டால், விடுபடுவன ஆஸ்திரேலியாவும் பெல்ஜியமும் அல்ல, ஐந்து அடுப்புகள். நாளை அந்தப் பட்டியல்களைக் கையாளப் போகிறவர்கள் நம் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வேண்டுகோள் மூன்று

இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவே நிரலை எழுதித் தந்துவிடுகிறது, நாம் ஏன் தலையை உடைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்போரும் உண்டு. அது எழுதும் நிரலில் சத்தமிடும் பிழைகள் குறைந்து வருகின்றன என்பது உண்மை. எஞ்சுபவை சாதுவான பிழைகள். அப்படியானால் எழுதும் வேலை குறையக் குறையப் பார்க்கும் வேலை கூடுகிறது என்றுதானே பொருள்?

செய்முறை வகுப்புக்குக் கிடைக்கும் நேரம் குறைவு, கணிப்பொறிகளும் குறைவு என்பதை நான் அறிவேன். அதிகச் செலவோ பாடத்திட்ட மாற்றமோ வேண்டாத மூன்று கோரிக்கைகளையே முன்வைக்கிறேன்.

முதலாவது, ரெக்கார்டு நோட்டில் நிரலுக்கும் விடைக்கும் நடுவே அரைப் பக்கம் ஒதுக்கி, முக்கிய அணிகள் ஒவ்வொன்றுக்கும் வடிவம், வகை, சிறிய எண், பெரிய எண், வெற்றிடம் ஆகிய ஐந்தையும் எழுதச் செய்யலாம். எழுத்துத் தேர்வில் படிகளுக்கு மதிப்பெண் தருவதுபோல் இதற்கும் சில மதிப்பெண்கள் தர வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு பயிற்சியையும் முதலில் மூன்று அல்லது நான்கு எண்கள் கொண்ட சிறு அணியில் கையால் போட்டு, அதே விடையை நிரலும் தருகிறதா என்று பார்த்த பிறகே பெரிய அணிக்குப் போக வேண்டும். மேலே சொன்ன 1.33 என்ற பிழையைப் பிடிக்க இந்த ஒரு பழக்கமே போதும்.

மூன்றாவது, ஆண்டுக்கு ஒரு முறையாவது, தடங்கலின்றி ஓடித் தவறான விடை தரும் நிரல் ஒன்றை எங்கள் கையில் கொடுத்து, எந்தப் படியில் எந்த அணி கெட்டது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அதைக் கண்டுபிடித்த மாணவன் பத்து நிரல்களை மனப்பாடம் செய்தவனைவிட மேலானவன் என்பதில் ஐயமில்லை.

நண்பர்களே, ஆய்வகம் நமக்காகக் காத்திருக்கட்டும் என்று நாமும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆக்டேவ், சைலேப், ஸ்பைடர் எல்லாம் விலையின்றிக் கிடைப்பவை. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் தமிழிலேயே பாடங்கள் இருக்கின்றன. வேண்டுவது ஒரு பழக்கம் மட்டுமே. அடுத்த செய்முறை வகுப்பில் பக்கத்து இருக்கை நண்பரிடம் "அவுட்புட் வந்துவிட்டதா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "நடுவில் என்ன பார்த்தாய்?" என்றும் கேளுங்கள். அவர் சொல்லும் விடையைக் கேட்ட பிறகு நம் நிரலையும் ஒரு முறை நடுவில் நிறுத்தி, அணியைத் திறந்து பார்ப்போமாக!